மலைத்தோட்டத்தில் வசந்த கால வேலைகள்: காட்டெருமையும் கரடியும் வந்துபோகும் இடத்தில் காய்கறி போடுவது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டியவர்கள் பலரும் ஏப்ரல் மாதம், பள்ளி லீவுக்கு வரும்போதுதான் தோட்டத்தில் கை வைக்கிறார்கள். முதல் நாள் ஆள் விட்டுப் புதரை வெட்டிக் கொளுத்தி, மறுநாள் நாற்று வாங்கி நட்டு, அதற்கடுத்த நாள் கோயம்புத்தூருக்கு வண்டி ஏறிவிடுவார்கள். ஒரு வாரத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன் வரும், மாடு புகுந்துவிட்டது என்று. மாடு என்றால் இங்கே காட்டெருமை. அப்புறம்தான் வேலியைப் பற்றி யோசிப்பார்கள். செய்யும் வேலைகளில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழ்.

சுமார் 6,000 அடி உயரத்தில், சோலையையோ (மலைக்காட்டையோ) தேயிலையையோ ஒட்டி, ஐந்து முதல் பதினைந்து சென்ட் வரை காய்கறியும் நாலைந்து பழ மரமும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானல் மேல்மலைக்கும் பெரும்பாலும் பொருந்தும். சமவெளித் தோட்டத்துக்கு வேறு கணக்கு.

## 1. முதலில் காலக்கணக்கு

இங்கே உறைபனி டிசம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரி வரை இழுக்கும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். இடையில் இருக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் நமக்குக் கிடைக்கும் வசந்தம். நீலகிரி விவசாயிகள் உருளைக்கிழங்குக்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம் சொல்வார்கள். இதில் ஏப்ரல், மே மாதங்களில் நடுகிற கார்போகம் கோடை மழையையும் பருவமழையையும் நம்பி நடப்பது. வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

அதாவது ஏப்ரல் நடுவில் விதை மண்ணுக்குள் போகவேண்டும் என்றால், மண் வேலை மார்ச்சில் முடிந்திருக்கவேண்டும், புதர் வேலை அதற்கும் முன்னால். பிப்ரவரி கடைசியில் ஆரம்பிப்பவருக்கு எதையும் அவசரப்பட்டுச் செய்யவேண்டியிருக்காது.

இதே மூன்று மாதங்கள் விலங்குகளுக்கும் முக்கியமானவை. பனியில் கருகிய புல் முதல் மழைக்குத்தான் துளிர்க்கும், அதுவரை காட்டெருமைகள் தண்ணீரையும் பச்சையையும் தேடி வீட்டுப்பக்கம் அதிகம் வரும். கரடிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் குட்டி போடும், ஆகவே மார்ச், ஏப்ரலில் குட்டியை முதுகில் சுமந்து திரியும் தாய்க் கரடி எதிரே வர வாய்ப்பு உண்டு. பறவைகள் கூடு கட்டும் நேரமும் இதுதான். கோத்தகிரிக்குக் கீழே குஞ்சப்பனை பக்கம் என்றால், பலா பிஞ்சு விட்டுத் திரள ஆரம்பித்ததும் யானைகள் ஏறி வரும். அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் காய்கறி போடுவதற்கு முன், வீட்டருகே பலா மரம் எத்தனை இருக்கிறது, யார் பறிக்கப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

## 2. கத்தியை எடுக்கும் முன் நடந்து பாருங்கள்

பெரும்பாலானோர் விடும் படி இது. ஒரு பைசா செலவில்லை, ஆனால் பின்னால் வரும் எல்லா முடிவும் இதைச் சார்ந்தது. ஒரு வாரம் தினமும் காலை ஏழரை மணிக்கு மேல், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, எல்லையைச் சுற்றி நடந்து, யார் எங்கே நுழைந்து எங்கே வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். ஒரு தாளில் நிலத்தின் படத்தைக் கிறுக்கிக் குறித்துக்கொண்டால் போதும்.

காட்டெருமை நடந்த இடம் சுலபமாகத் தெரியும். வீட்டு மாட்டின் குளம்பை விடப் பெரிய தடம். சரிவில் புல் நசுங்கி ஒரு அகலமான பாதையாகவே இருக்கும், திட்டு இடிந்து மண் சரிந்திருக்கும் இடம்தான் அவை ஏறி இறங்கும் படி. சாணி பளபளவென்று ஈரமாக இருந்தால் இரவு வந்தது, மேலே காய்ந்து ஏடு கட்டியிருந்தால் பழசு.

காட்டுப்பன்றி வந்த இடம் ஏர் ஓட்டியது போல் இருக்கும். புல்லைத் திருப்பிப் போட்டு, அடியில் இருக்கும் மண்புழுவையும் வெள்ளைப்புழுவையும் தின்றிருக்கும். முள்ளம்பன்றி என்றால் கூரான குறுகிய குழி, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றிரண்டு முள், மரத்தடியில் பட்டை கடித்த அடையாளம். கரடியின் எச்சம் கறுப்பாக, இந்த மாதங்களில் பழக்கொட்டையும் கறையான், எறும்பு மிச்சமும் கலந்து இருக்கும். கறையான் புற்று பிளந்து கிடந்தாலும் அதன் வேலையாக இருக்கலாம்.

ஒரு வாரம் பார்த்தால் இரண்டு விஷயம் புரிந்துவிடும். ஒன்று, விலங்குகள் நிலம் முழுக்க அலைவதில்லை, இரண்டு மூன்று வழியில்தான் போய்வருகின்றன. இரண்டு, அந்த வழி பெரும்பாலும் உங்கள் நிலத்துக்காக வந்த வழியே அல்ல. மேலே சோலை, கீழே ஓடை, நடுவில் நீங்கள்.

அந்த வழியை அடைக்காமல் மிச்சம் இருக்கும் இடத்தில்தான் தோட்டம். சரிவும் வெயிலும் நன்றாக இருக்கிறது என்று சரியாக அந்தப் பாதையின் மேலேயே பாத்தி போடுகிறார்கள். திட்டு இல்லாத, ஏற வசதியான இடம் என்றால் அது மாட்டுக்கும் வசதியான இடம்தானே.

## 3. கையில் வைத்திருக்கவேண்டியவை

கருவிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: மண்வெட்டி, களைக்கொத்து, புல் வெட்டும் அரிவாள், கத்தரி. இவற்றோடு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, நீளமான தடி, நல்ல டார்ச். பூட்ஸ் பாம்புக்கு மட்டும் அல்ல, மழை வந்த பிறகு அட்டைக்கும்தான். காலையில் போடும் முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள்.

மண் பரிசோதனையைப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடவேண்டும், முடிவு வரக் கொஞ்சம் நாள் ஆகும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை போனிலும் சமையலறைச் சுவரிலும் எழுதி வையுங்கள். அவசரத்தில் கூகுளில் தேடிக்கொண்டிருந்தால், சிக்னல் இல்லாத மலையில் அது நடக்காது. எந்த அரசு மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்பதையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

## 4. புதர் வெட்டுவது: வீட்டிலிருந்து வெளியே

வெட்டும் திசை முக்கியம். பெரும்பாலும் ஆட்கள் ரோட்டோரத்திலோ எல்லையிலோ ஆரம்பித்து வீட்டை நோக்கி வருவார்கள். அப்படி வந்தால் புதருக்குள் இருக்கும் சாரை, கீரி, முயல் எல்லாம் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் உங்கள் விறகுக் கொட்டகைக்குள்தான் போய்ச் சேரும். வீட்டுச் சுவரில் ஆரம்பித்து வெளியே தள்ளிக்கொண்டு போங்கள். அவை காட்டுப்பக்கம் நகர்ந்துகொள்ளும்.

வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடி, நடைபாதைக்கு இருபுறமும் நாலடி சுத்தமாக இருந்தால் போதும். இரவில் கதவைத் திறந்தால் எதிரே என்ன நிற்கிறது என்று தெரியவேண்டும், அதற்குத்தான் இந்த இடைவெளி. மிச்சத்தை மொட்டையடிக்க வேண்டாம். உண்ணிச்செடிப் (லாண்டனா) புதர் மட்டும் விதிவிலக்கு. அது எதையும் வளரவிடாது, பன்றியும் கரடியும் பகலில் படுக்க அதைவிட வசதியான மறைவு கிடைக்காது. ஆனால் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். சரிவில் வேரோடு பிடுங்கிய இடத்தில் முதல் கோடை மழைக்கே மண் கரைந்து ஓடிவிடும். ஒரு பட்டை எடுத்து, அங்கே புல்லோ தவிட்டுச்செடியோ பிடித்த பிறகு அடுத்த பட்டை. இரண்டு மூன்று வருடம் ஆகும், ஆகட்டும்.

வெட்டும் முன் ஒவ்வொரு புதரையும் தடியால் தட்டி, கிளைகளை விலக்கிப் பாருங்கள். கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தால் இடுப்புயரத்தில்தான், கைப்பிடி அளவுக் கிண்ணமாக இருக்கும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தச் செடியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகலாம். குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்குள்தான் ஆகும், உங்கள் தோட்டத்தின் பாதிப் புழுவை அந்தத் தாய்ப்பறவை அதற்குள் பொறுக்கியிருக்கும்.

வெட்டியதை எரிக்காதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம். காய்ந்த புல்லும் கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகும் கிடக்கும் சரிவில் ஒரு பொறி போதும், அதன் பிறகு வனத்துறைக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான். தடித்த கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினால் மண்ணையும் பிடிக்கும், ஓணானும் தவளையும் குடியிருக்கும். அந்த அடுக்கு வீட்டிலிருந்து முப்பது அடிக்கு அப்பால் இருக்கட்டும். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

## 5. மண்: சுண்ணாம்பு முன்னால், எரு பின்னால்

நீலகிரி மண்ணில் அமிலத்தன்மை அதிகம். இதைச் சரிசெய்யாமல் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் போட்டால் வேர் வீங்கி முண்டு முண்டாகி, நல்ல வெயிலில் செடி துவண்டு நிற்கும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், நோய் இன்னும் பரவும். பரிசோதனை முடிவில் சொன்ன அளவுக்கு வேளாண் சுண்ணாம்பையோ டோலமைட்டையோ மார்ச் தொடக்கத்தில் தூவிக் கிளறிவிடுங்கள்.

எருவை அதனோடு சேர்த்துப் போடக்கூடாது. சுண்ணாம்பும் சாணியும் ஒன்றாகச் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூன்று, நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். அதனால்தான் ஏப்ரலில் வந்திறங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவது வேலைக்காகாது என்கிறேன்.

அடுத்து எரு. நன்றாக மக்கி, கையில் எடுத்தால் மண்வாசனை மட்டும் வரவேண்டும். லாரிக்காரர் கொண்டுவந்து இறக்குவது பாதிக்குப் பாதி பச்சைச் சாணியாக இருக்கும், கிளறிப் பார்த்தால் விரல் தடிமனில் வெள்ளைப்புழு சுருண்டு கிடக்கும். அதை அப்படியே பாத்தியில் போடுவது பன்றிக்கு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி. பன்றிக்கு உங்கள் கேரட் இரண்டாம் பட்சம்தான், புழுவைத் தோண்டும்போது கேரட்டும் வந்துவிடுகிறது. பன்றித் தொல்லை என்று புலம்புகிறவர்களின் எருக்குழியை முதலில் போய்ப் பாருங்கள். பச்சை எரு வந்துவிட்டால் தார்ப்பாயால் மூடி இரண்டு மூன்று மாதம் வைத்து, நடுவில் புரட்டி, புழுவைப் பொறுக்கி எடுத்துப் போட்டால் மைனா பார்த்துக்கொள்ளும்.

பாத்தி எப்போதும் சரிவுக்குக் குறுக்கே. மேலிருந்து கீழாகப் போட்டால் களை எடுக்கச் சுலபம்தான், ஆனால் மே மாத இடிமழை ஒன்றில் மேல்மண் மொத்தமும் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும்.

## 6. வேலி: காய்கறிக்கு மட்டும், பாதைக்கு இல்லை

விதை வாங்கும் முன் வேலி முடிந்திருக்கவேண்டும். காரணம் எளிது. ஒரு முறை பாத்தியில் ருசி கண்டுவிட்ட மாடு, பின்னால் நீங்கள் போடும் வேலியைச் சோதித்துப் பார்க்கும். முளைப்பதற்கு முன்பே வேலி இருந்தால், வழியில் நிற்கும் இன்னொரு பொருள் என்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எல்லையைச் சுற்றி முழு நிலத்துக்கும் வேலி போடுவது பணத்துக்கும் கேடு, பலனும் குறைவு. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் வரை எடை இருக்கும், அது தள்ள நினைத்தால் தள்ளிவிடும். அதன் பாதையை மறித்தால் தள்ளத்தான் நினைக்கும். அதனால் வீட்டருகே காய்கறித் தோட்டத்தை மட்டும் வளைத்து, நீங்கள் படத்தில் குறித்த பாதைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி அகலம் விட்டுவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரும் அதே நேர்கோட்டில் வழி விட்டிருக்கிறாரா என்று பேசிக்கொள்வது அவசியம். நீங்கள் விட்ட வழி அவர் சுவரில் போய் முட்டினால், மாடு திரும்பி உங்கள் பக்கம்தான் வரும்.

சங்கிலிக் கம்பி வலை, ஆறடி உயரம். கீழ்ப்பகுதியில் ஒரு அடியை மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்கவேண்டும். முள்ளம்பன்றியும் பன்றியும் வேலியை ஒட்டித்தான் தோண்டும், காலடியில் வலை தட்டினால் விட்டுவிடும். உள்பக்கம் மடித்தால் பயனில்லை. வலை தெரியவில்லை என்றால் இருட்டில் மாடு நேராக வந்து மோதும், ஆகவே இடுப்புயரத்தில் பழைய வெள்ளைச் சாக்குத் துண்டுகளைக் கட்டிவிடுங்கள். முள்கம்பி வேண்டாம். விலங்கைத் தடுக்காது, கிழித்துக் காயமாக்கும், காயம்பட்ட காட்டெருமை உங்கள் தேயிலைக்குள் படுத்திருந்தால் அங்கே பறிக்கப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

பறவைக்காகப் போடும் மெல்லிய நைலான் வலையில் சாரைப்பாம்பு மாட்டி, திமிறத் திமிற இறுகிச் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். எலியைப் பிடித்துத் தரும் பாம்பு அது. வலை போட்டே ஆகவேண்டும் என்றால் கண் சிறியதாக இருப்பதை வாங்கி, தரையில் தொங்கவிடாமல் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள்.

சோலார் மின்வேலி போட நினைப்பவர்கள் முதலில் வனத்துறையிடம் போகவேண்டும். 2023-இல் தமிழக அரசு மின்வேலிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் புதிதாகப் போட முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்யவேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், யானை மட்டும் அல்ல, பால்காரரும் பக்கத்து வீட்டுப் பையனும் அதே கம்பியைத்தான் தொடுவார்கள். சுருக்குக் கம்பியும் அப்படித்தான். பன்றிக்கு வைப்பார்கள், சிறுத்தை மாட்டும். காட்டெருமை, கரடி, சிறுத்தை, யானை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. எனக்குத் தெரியாமல் வேலையாள் வைத்தார் என்பதெல்லாம் எடுபடாது.

## 7. எதை எங்கே நடுவது

வேலிக்குள் வீட்டை ஒட்டி விலங்குகளுக்கு மிகவும் பிடித்தவை: கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, கோசு. வெளிவரிசையில் அவ்வளவாகச் சீண்டப்படாதவை. பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி, ரோஸ்மேரி, புதினா இவற்றை நான் வேலியோரம் வைப்பேன். வாசனைக்குப் பயந்து மாடு ஓடிவிடும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். தின்னாதே தவிர, மிதித்துக்கொண்டு போகும். வெளிவரிசை சேதமானால் பெரிய நட்டமில்லை என்பதற்காக மட்டுமே அந்த ஏற்பாடு.

உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் விதைக்கிழங்கைச் சந்தையில் சமையலுக்கு வாங்கும் மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள். வேரைத் தாக்கும் நூற்புழு இந்த மலையில் பழைய பிரச்சினை, ஒரு முறை மண்ணில் ஏறினால் பல வருடம் போகாது. குஃப்ரி சுவர்ணா மாதிரி நூற்புழுவைத் தாங்கும் ரகத்தை, நம்பிக்கையான இடத்தில் கேட்டு வாங்குங்கள். கிழங்கு முட்டையளவு இருந்தால் போதும், முளை கட்டியிருக்கவேண்டும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி முக்கால் அடி. ஆழமாகவே நட்டு, செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைத்துவிடுங்கள். வெளியே தெரியும் கிழங்கு பச்சை பிடிக்கும், அதன் மணம் முள்ளம்பன்றியையும் இழுக்கும்.

கேரட் விதையைத் தூவியதும் பாத்தி மேல் காய்ந்த முள்ளில்லாத குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். காட்டுக்கோழி காலால் சீய்ப்பதற்கு இடம் கிடைக்காமல் போய்விடும். முளை இரண்டு விரல் உயர்ந்ததும் குச்சியை எடுத்துவிடலாம். பட்டாணிக்கு முதல் பத்து நாள்தான் சோதனை, துளிரைக் குருவி கொத்தும். அதற்குப் பிறகு கொடி தப்பிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போட்டால், ஒரு இரவில் என்ன நடந்தாலும் முழுதும் போகாது.

## 8. தண்ணீர்

தரைமட்டத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடியோ இடுப்புயரச் சுவரோ கட்டாயம். இருட்டில் காட்டெருமைக் கன்று விழுந்தால் தாய் அங்கேயே நிற்கும், இரண்டு நாள் உங்களால் வெளியே வரமுடியாது. சின்னத் தொட்டிகளில் ஒரு கட்டையைச் சாய்த்துப் போட்டு வையுங்கள். அணில், தவளை விழுந்தால் ஏறி வந்துவிடும், தண்ணீரும் நாறாது.

விலங்குக்கென்று தனியாகத் தண்ணீர் வைப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பறவைக்கு ஆழமில்லாத மண் தட்டு வையுங்கள், மாட்டுக்குத் தொட்டி கட்டாதீர்கள். வறட்சி முடிந்த பிறகும் அது வந்துகொண்டே இருக்கும், பின்னால் வீட்டை வாங்குகிறவருக்கு அந்தக் கதை தெரியாது. சொட்டுநீர்க் குழாயின் ஒழுக்கை மட்டும் வாரம் ஒரு முறை பாருங்கள். ஒழுகும் இடத்தில் சேறு, சேற்றில் பன்றி.

## 9. கரடிக்குக் கதவு திறக்கும் மூன்று பொருட்கள்

எண்ணெய், இனிப்பு, பழம். இந்த மலையில் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்த கரடி, பேக்கரிக் கதவை உடைத்த கரடி என்று அடிக்கடி செய்தி வருவது இதனால்தான். கரடிக்குக் கண் மந்தம், மூக்கு அபாரம். எண்ணெய்க் கேனும் மாவுச் சாக்கும் வெளிக் கொட்டகையில் இருக்கக்கூடாது. துளசி மாடத்து விளக்கை இரவு உள்ளே எடுத்துவிடுங்கள்.

சமையலறைக் கழிவில் காய்த்தோல் மட்டும் உரக்குழிக்குப் போகட்டும். சோறு, எண்ணெய்ப் பலகாரம், மீன், இறைச்சி, பழத்தோல் எதுவும் திறந்த குழியில் போடவேண்டாம். மூடியைக் கட்டி வைக்கும் டிரம் என்றால் நல்லது, அதுவும் வீட்டுப் பின்கதவை ஒட்டி இருக்கக்கூடாது. குரங்குக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கும் விருந்தாளியைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அவர் ஞாயிறு மாலை போய்விடுவார், குரங்கு திங்கள் காலை வரும்.

பழ மரம் தனி விஷயம். பீச்சும் பிளம்ஸும் ஏப்ரல் கடைசியில் தொடங்கிவிடும், பேரி அதற்குப் பின். கீழே விழுந்த பழத்தைத் தினமும் சாயங்காலம் நாலரைக்குள் பொறுக்கிவிடவேண்டும், இரவு வரை கிடந்து புளித்தால் வாசனை சோலை வரை போகும். முற்றிய காயாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். படுக்கையறை ஜன்னலை ஒட்டிய பேரி மரத்தை வெட்டவேண்டியதில்லை, குளிர்காலத்தில் நன்றாகக் கழித்துக் கையெட்டும் உயரத்தில் வைத்தாலே பறிப்பது சுலபம். எல்லையோரத்து மரத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது விலங்குகளுக்கு.

## 10. எலி, நத்தை, வெட்டுப்புழு

எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகையும் சாரையும் பிடித்துச் சாகும், அடுத்த வருடம் எலி இரட்டிப்பாகும். பொறி வையுங்கள், கோழித் தீவனத்தைத் தகர டப்பாவில் அடையுங்கள். நத்தையை இரவு டார்ச் அடித்துப் பொறுக்கச் சொல்லும் யோசனை சமவெளிக்குச் சரி, இங்கே இருட்டில் தோட்டத்தில் குனிந்து உட்காருவது புத்திசாலித்தனம் இல்லை. மாலையில் ஈரச் சாக்கை பாத்தியோரம் விரித்துவிட்டு, காலையில் திருப்பினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே சாக்கடியில் பாம்பும் இருக்கலாம், தடியால் திருப்புங்கள். வெட்டுப்புழுவுக்கு, காலையில் சாய்ந்து கிடக்கும் நாற்றின் அடியில் ஒரு விரலாழம் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும்.

## 11. நேருக்கு நேர் வந்துவிட்டால்

வேலை நேரத்தை ஏழரையிலிருந்து ஐந்தரை வரை என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை இல்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் மணி என்னவானாலும் நிறுத்திவிடுங்கள். வெளியே கிளம்பும்போது பேசிக்கொண்டோ தடியைத் தட்டிக்கொண்டோ போங்கள். கரடி தாக்குவது பெரும்பாலும் திடுக்கிட்டுத்தான். எறும்பு தின்னும் மும்முரத்தில் நீங்கள் பத்தடியில் வரும்வரை அதற்குத் தெரியாது. எதிரே வந்தால் ஓடாதீர்கள், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். குட்டி தெரிந்தால் தாய் எங்கே என்று தேடாமல் வந்த வழியே திரும்புங்கள்.

காட்டெருமை தேயிலைக்குள் சாதுவாக மேய்வதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். அது பக்கவாட்டில் திரும்பி உடம்பை முழுதாகக் காட்டி, விறைத்து நின்றால் அதற்குப் பொருள், போதும், போய்விடு என்பது. தலையைத் தாழ்த்திச் சீறினால் இனி யோசிக்க நேரமில்லை. கல்லெறிவதும் பட்டாசு போடுவதும் அதை வேலிப்பக்கம்தான் விரட்டும். அது போக ஒரு திறந்த வழி இருக்கவேண்டும், அந்த வழியில் நீங்கள் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். நாயை அவிழ்த்துவிடாதீர்கள். துரத்திவிட்டு, திருப்பித் துரத்தப்படும்போது நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும். இரவில் நாயை வீட்டுக்குள் கட்டுங்கள், சிறுத்தை வீட்டுப்பக்கம் வருவதே பெரும்பாலும் நாய்க்காக.

பாம்பு கடித்தால் கட்டுப் போடவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

## 12. சேதமானால், மழை வருவதற்கு முன்

சேதம் நடக்கும், எல்லாம் சரியாகச் செய்தாலும் நடக்கும். பாத்தியைச் சரிசெய்யும் முன் காலடித் தடமும் சேதமும் தெரியும்படி படம் எடுத்து, பட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இழப்பீடு சின்னத் தொகையாக இருந்தாலும் பதிவாவது முக்கியம். எந்தப் பக்கம் அடிக்கடி வருகிறது என்ற கணக்கு அவர்களிடம் சேரும். பன்றி அளவுக்கு மீறிப் போனாலும் நீங்களாக எதுவும் செய்யமுடியாது, அதற்கான அதிகாரம் வனத்துறைக்கு மட்டும்தான்.

மே கடைசி வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, முதல் வாரம் கிறுக்கிய அந்தப் படத்தோடு மறுபடி எல்லையைச் சுற்றுங்கள். பாதை மாறியிருந்தால் குறியுங்கள். வேலிக்கடியில் மண் அரித்த இடங்களில் கல் வைத்து அடையுங்கள், சரிவுக்குக் குறுக்கே எடுத்த வாய்க்காலில் சருகை வாருங்கள், கடைசித் தவணை பீன்ஸுக்குக் குச்சி ஊன்றிவிடுங்கள். மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை மண்வெட்டியைத் தொட இடைவெளி கிடைக்காது.